38 சதவீதம் என்று வந்தால் நான் திருடியிருக்கிறேன் என்று அர்த்தமா?

நீங்கள் கேட்டதை முதலில் திரும்பச் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் பற்றிப் பொருளியலில் முனைவர் பட்ட ஆய்வு. பள்ளியும் இளங்கலையும் தமிழ் வழி, ஆய்வேடு ஆங்கிலத்தில். நூலகத்தில் கொடுத்துச் சோதித்ததில் 38 சதவீதம் சிமிலாரிட்டி, அதாவது பிற எழுத்துகளோடு ஒற்றுமை, என்று அறிக்கை வந்திருக்கிறது. "பத்துக்குக் கீழே கொண்டு வாம்மா, கையெழுத்துப் போடுறேன்" என்று நெறியாளர் சொல்லிவிட்டார். பல்கலைக்கழகத்துக்கு எதிரே ஒரு டைப்பிங் கடையில் ஆறாயிரம் ரூபாய்க்குக் குறைத்துத் தருகிறார்களாம். கடைக்குப் போகலாமா, இல்லை சாட்ஜிபிடியில் போட்டு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். பார்க்க எண்ணைக் குறைக்கும் கேள்வி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "நான் காப்பி அடிக்கவில்லை, ஆனால் சில இடங்களில் அவர்கள் எழுதிய வாக்கியம் நன்றாக இருந்ததால் இரண்டு மூன்று வார்த்தையை மட்டும் மாற்றி வைத்துக்கொண்டேன், அது தப்பா?" உங்களை உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன். அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் 19 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அதில் கடைசிப் பத்து ஆண்டுகள் ஆய்வேடுகளை மென்பொருளில் ஏற்றி, அறிக்கை எடுத்து, சான்றிதழ் அச்சடித்துக் கொடுக்கும் மேசை என்னுடையது. அந்த மேசைக்கு முன்னால் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். 6 சதவீதம் வந்ததும் சந்தோஷமாகப் போனவர்களின் ஏட்டில் ஒரு முழு அத்தியாயமே வேறொருவருடையதாக இருந்ததையும் பார்த்திருக்கிறேன். உங்கள் அறிக்கையை நான் பார்க்கவில்லை, அதனால் உங்கள் ஏட்டைப் பற்றித் தீர்ப்பு எதுவும் சொல்லப் போவதில்லை. எந்த அறிக்கையையும் எப்படிப் படிப்பது, அதற்கப்புறம் என்ன செய்வது என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் உறுதியாகத் தெரிந்தது. அந்த 38 என்பது திருட்டின் அளவு இல்லை. உங்கள் ஏட்டிலுள்ள சொற்றொடர்களில் எவ்வளவு, மென்பொருளின் கிடங்கில் இருக்கும் மற்ற எழுத்துகளோடு ஒத்துப்போகிறது என்ற கணக்கு, அவ்வளவுதான். அடுத்தவர் வாக்கியத்துக்கு மேற்கோள் குறி போட்டு ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் கொடுத்திருந்தாலும் மென்பொருள் அதற்கு வண்ணம் பூசும், அதாவது ஒத்துப்போகிறது என்று குறித்துக் காட்டும். துணைநூற்பட்டியலுக்குப் பூசும். "இந்த ஆய்வு விளக்கமுறை ஆய்வாகும், முதல்நிலைத் தரவுகள் நேர்காணல் மூலம் திரட்டப்பட்டன" போன்ற, நாட்டில் பாதி ஆய்வேடுகளில் இருக்கும் வரிகளுக்கும் பூசும். இந்த மென்பொருள்களில் ஒன்றை விற்கும் டர்னிடின் நிறுவனமே தன் கருவி திருட்டைக் கண்டுபிடிப்பதில்லை, ஒற்றுமையைத்தான் காட்டுகிறது என்று சொல்கிறது. திருட்டா இல்லையா என்பதை ஒரு மனிதர் வரிவரியாகப் படித்துத்தான் சொல்ல முடியும்.

யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2018 ஜூலையில் இதற்கென்று ஒரு ஒழுங்குமுறை கொண்டுவந்தது. எல்லோரும் மந்திரம் மாதிரிச் சொல்லும் அந்தப் 'பத்து' அங்கிருந்துதான் வருகிறது. 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. பத்துக்கு மேல் 40 வரை என்றால், குறித்த காலத்துக்குள், அதிகபட்சம் ஆறு மாதத்துக்குள், திருத்திய ஏட்டைத் திரும்பக் கொடுக்கச் சொல்வார்கள். நாற்பதுக்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு திருத்திய ஏட்டைக் கொடுக்கவே முடியாது. அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்து. நீங்கள் பயந்துபோய் எழுதியிருப்பதால் இதைச் சொல்கிறேன்: உங்கள் 38 அப்படியே நின்றாலும் விதிப்படி திருத்திக் கொடுக்கச் சொல்லும் படியில்தான் வரும், பட்டம் போய்விடாது. மேலும் அது சமர்ப்பிப்பதற்கு முன்னால் எடுத்த சோதனை. உங்கள்மேல் யாரும் புகார் சொல்லவில்லை. ஒருவேளை யாராவது சொன்னாலும் துறை அளவில் ஒரு குழு, அதற்கு மேல் நிறுவன அளவில் ஒரு குழு என்று விசாரித்து, உங்கள் பக்கத்தையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று அதே விதி சொல்கிறது.

அந்த விதியைப் பலரும் முழுசாகப் படிப்பதில்லை. எதையெல்லாம் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. உரிய அனுமதியோடோ பெயர் குறிப்பிட்டோ எடுத்தாண்ட மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, பொதுவான கலைச்சொற்கள், சட்டங்கள், வழக்கமான குறியீடுகள், சமன்பாடுகள் எல்லாம் கழிக்கப்பட வேண்டியவை. பொது அறிவான செய்திகளும் தற்செயலாக ஒத்துவரும் சொற்களும் தொடர்ச்சியாக 14 சொற்கள் வரை விலக்கு. அதனால் நாளைக்கே நூலகத்துக்குப் போய், இந்த 38 மென்பொருளின் எந்த அமைப்பில் (செட்டிங்கில்) எடுத்தது, இவற்றையெல்லாம் நீக்கி எடுத்ததா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, என்னிடம் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும். ஒரே கோப்பை இரண்டு அமைப்பில் ஓட்டினால் 38-ம் வரும், 21-ம் வரும். நான் ஓட்டிய ஒரு ஏட்டில் துணைநூற்பட்டியல் மட்டுமே பதினொரு சதவீதம் சாப்பிட்டிருந்தது. அந்த மாணவர் ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் தனித்தனியாக, தலைப்பே இல்லாமல் பட்டியல் போட்டிருந்தார், மென்பொருளுக்கு அது பட்டியல் என்றே தெரியவில்லை. தலைப்பை ஒழுங்காகப் போட்டதும் சரியாகிவிட்டது.

14 சொல் விலக்கைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அதை மாணவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். பதினான்கு சொல் வரை அடுத்தவருடையதை எடுத்துக்கொள்ளலாம், பதினைந்தாவதை மாற்றினால் போதும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. இரண்டு பேர் சுதந்திரமாக எழுதினாலும் ஒத்துப்போகக்கூடியதற்காக வந்த விலக்கு அது. உங்கள் துறையிலேயே உதாரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கின, 1992-ல் நபார்டு என்ற வேளாண், ஊரக வளர்ச்சி வங்கி குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியது என்று இந்தப் பொருளில் எழுதுகிற அத்தனை பேரும் எழுதத்தான் செய்வார்கள். வேறு எப்படி எழுத முடியும்? அந்த வரிக்கு வண்ணம் விழுந்தால் பதற வேண்டாம். ஆனால் அந்தத் திட்டம் ஏன் தருமபுரியில் எடுபட்டது, இன்னொரு இடத்தில் ஏன் தடுமாறியது என்று ஒருவர் அலைந்து திரிந்து கண்டுபிடித்துச் சொன்ன காரணம் இருக்கிறதே, அது பொது அறிவு இல்லை, அவருடையது. நீங்கள் அதை முழுக்க வேறு சொற்களில் எழுதினாலும், வண்ணமே விழாவிட்டாலும், அவர் பெயர் அங்கே வந்தாக வேண்டும். எது வரை பொது அறிவு என்பதற்குத் துல்லியமான கோடு கிடையாது, துறைக்குத் துறை மாறும். சந்தேகம் வந்தால் பெயரைப் போட்டுவிடுங்கள். தேவையில்லாத இடத்தில் பெயர் போட்டதற்காக ஏட்டைத் திருப்பி அனுப்பியதை நான் பார்த்ததே இல்லை.

அடுத்து உங்கள் சொந்தக் கட்டுரை. ஏட்டின் ஒரு பகுதியை ஏற்கெனவே ஓர் ஆய்விதழில் வெளியிட்டதாகவும் அறிக்கையில் முதல் இடத்தில் நிற்பதே அந்தக் கட்டுரைதான் என்றும் சொல்கிறீர்கள். இது நிறையப் பேருக்கு நடக்கிறது. 2016-ம் ஆண்டு விதிப்படி ஏடு கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்றிருந்தது. 2022-ல் அந்தக் கட்டாயத்தை யுஜிசி எடுத்துவிட்டாலும் கட்டுரை போடும் வழக்கம் பல இடங்களில் தொடர்கிறது. தன் எழுத்தையே திரும்பப் போட்டாலும் முன்பு வெளிவந்ததைச் சொல்லாமல் போட்டால் தவறுதான் என்று 2020 ஏப்ரலில் யுஜிசி தனியாக அறிவிப்புக் கொடுத்தது. இதற்கு வழி எளிது. அந்த அத்தியாயத்தின் முதல் பக்கத்திலேயே அடிக்குறிப்பாக, இதன் ஒரு வடிவம் இந்த ஆண்டு இந்த இதழில் என் பெயரில் வெளிவந்தது என்று எழுதுங்கள், முன்னுரையிலும் சொல்லுங்கள். அப்புறம் நெறியாளரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால், நூலகத்தில் அந்தக் கட்டுரையை மட்டும் ஒப்பீட்டிலிருந்து விலக்கி அறிக்கை எடுத்துத் தரும் நடைமுறை பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. இணை ஆசிரியர் யாராவது இருந்தால் எது உங்கள் பங்கு என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

இதையெல்லாம் கழித்த பிறகு ஒரு எண் மிஞ்சும். அது 9 ஆக இருக்கலாம், 17 ஆக இருக்கலாம். அதில் பெரும்பகுதி முந்தைய ஆய்வுகளைத் தொகுக்கும் அந்த இரண்டாவது அத்தியாயத்தில்தான் இருக்கும் என்று என் அனுபவத்தில் சொல்வேன். இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். ஆமாம், அது தப்புதான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேறு யாரும் சொல்லாமல் விட்டால் நீங்கள் இதே பழக்கத்தோடு பேராசிரியராகி உங்கள் மாணவர்களுக்கும் இதையே கற்றுக்கொடுப்பீர்கள்.

ஒரு மாதிரி காட்டுகிறேன், இது நானே எழுதியது, எந்தப் புத்தகத்திலும் இல்லை. மூல ஆசிரியர் இப்படி எழுதியிருக்கிறார் என்று வையுங்கள்: "குழுவில் சேர்ந்த பெண்களின் கையில் பணம் புழங்கத் தொடங்கியதும் வீட்டுச் செலவு முடிவுகளில் அவர்கள் குரல் ஓங்கியது, ஆனால் நிலம், வீடு போன்ற சொத்து முடிவுகளில் அந்த மாற்றம் தெரியவில்லை." அதை ஒரு மாணவர் இப்படி மாற்றுகிறார்: "குழுக்களில் இணைந்த மகளிரிடம் பணப்புழக்கம் ஆரம்பித்த பின் குடும்பச் செலவுத் தீர்மானங்களில் அவர்களது குரல் உயர்ந்தது, எனினும் மனை, இல்லம் போன்ற சொத்துத் தீர்மானங்களில் அம்மாற்றம் காணப்படவில்லை." அடைப்பில் ஆசிரியர் பெயரும் போட்டுவிடுகிறார். மென்பொருள் பிடிக்காமல் விடலாம். ஆனால் வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது, சட்டை மட்டும் மாறியிருக்கிறது. படிப்பவர் கருத்து அவருடையது, வாக்கியம் உங்களுடையது என்று நினைப்பார். அது உண்மை இல்லையே. இதே வேலையைச் செய்ய நேர்மையான வழி இரண்டு. அவருடைய சொற்களே வேண்டும் என்றால் மேற்கோள் குறிக்குள் அப்படியே போட்டுப் பக்க எண் கொடுங்கள். வேண்டாம் என்றால் உங்கள் ஆய்வுக்கு அது ஏன் தேவைப்படுகிறது என்று யோசித்து எழுதுங்கள், இப்படி: "குழுப் பணம் பெண்ணுக்கு அன்றாடச் செலவு வரைதான் அதிகாரம் தருகிறது, சொத்து என்று வரும்போது நின்றுவிடுகிறது என்கிறார் இன்னார். நான் சந்தித்த பெண்களில் பட்டா தன் பெயரில் வைத்திருந்தவர்கள் விஷயத்தில் இது பொருந்தவில்லை." இரண்டாவது வாக்கியத்தை உங்களைத் தவிர உலகத்தில் யாராலும் எழுத முடியாது, ஏனென்றால் அந்தப் பெண்களின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசியது நீங்கள்.

இந்த ஒட்டுப்போட்ட எழுத்துக்கு ரெபெக்கா மூர் ஹோவர்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990-களில் 'பேட்ச் ரைட்டிங்' என்று பெயர் வைத்தார். இதை மோசடி என்று ஒரேயடியாக ஒதுக்கிவிடக் கூடாது, பழக்கமில்லாத மொழியிலும் துறையிலும் எழுதக் கற்றுக்கொள்பவர்கள் கடந்து வரும் ஒரு கட்டம் இது என்பது அவர் வாதம். நான் அதை ஒப்புக்கொள்கிறேன், என் மேசைக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் ஏமாற்ற நினைத்தவர்கள் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை கேள்விக்குப் பதிலைப் புத்தகத்தில் உள்ளபடி, ஒரு சொல் பிசகாமல் எழுதினால் முழு மதிப்பெண் என்று பழக்கிவிட்டு, ஆய்வுக்கு வந்ததும் திடீரென்று உன் சொந்த வார்த்தையில் எழுது என்றால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? அதுவும் மூன்றாம் வகுப்பிலிருந்து பயந்துகொண்டே படித்த ஆங்கிலத்தில். இது உங்கள் குற்றம் மட்டும் இல்லை. ஆனால் கற்றுக்கொள்ளும் கட்டம் என்பது வகுப்புப் பயிற்சிக்குப் பொருந்தும், முனைவர் பட்ட ஏட்டில் அந்தச் சாக்கை விசாரணைக் குழு ஏற்காது. வகுப்பு அசைன்மென்ட், பருவக் கட்டுரை, விடைத்தாள் போன்றவை அந்த 2018 விதிக்குள் வரமாட்டா, அவற்றை அந்தந்தக் கல்லூரிதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே யாரும் சொல்லித்தராததால்தான் இங்கே வந்து மாட்டுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

சரி, கடை. தயவுசெய்து போகாதீர்கள். அங்கே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும், அங்கே போய்விட்டு என்னிடம் வந்தவர்களின் கோப்புகளைத் திறந்து பார்த்திருக்கிறேன். சொற்களுக்கு நடுவே வெள்ளை நிறத்தில் எழுத்துகளை ஒளித்து வைப்பது, ஆங்கில 'ஏ'-க்குப் பதிலாக அதே மாதிரித் தெரியும் ரஷ்ய எழுத்தைப் போடுவது, பத்தியைப் படமாக மாற்றி ஒட்டுவது. மாற்று எழுத்தையும் ஒளித்த எழுத்தையும் டர்னிடின் தனியாகக் கொடி காட்டுகிறது. அதுவரை தெரியாமல் செய்த தவறாக இருந்தது, அந்த நிமிடத்திலிருந்து தெரிந்தே செய்த ஏமாற்றாகிவிடுகிறது, தெரியாமல் நடந்தது என்று எந்தக் குழுவிடமும் சொல்ல முடியாது. இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரியாது. கடைக்காரர் யாரோ ஒருவருடைய கணக்கில் உங்கள் ஏட்டை ஏற்றும்போது அது கிடங்கில் சேமிக்கப்பட்டுவிட்டால், அப்புறம் நூலகத்தில் அதிகாரப்பூர்வமாக ஏற்றும்போது உங்கள் ஏடு உங்கள் ஏட்டோடேயே ஒத்துப்போய் தொண்ணூறுக்கு மேல் காட்டும். வேறொரு மாணவரின் தாள் என்றுதான் அறிக்கையில் வரும், அது நீங்கள்தான் என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும். ஒரு மாணவர் இதற்காக நான்கு மாதம் அலைந்தார், நான் கூடவே இருந்து பார்த்தேன்.

பெரும்பாலான கடைகள் அந்த அளவுக்குக்கூடப் போவதில்லை, சொல் மாற்றும் மென்பொருளில் போட்டு எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அது என்ன செய்யும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. 2021-ல் கியோம் கபனாக், சிரில் லபே, அலெக்சாண்டர் மகஸினோவ் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள், அச்சான ஆய்வுக் கட்டுரைகளிலேயே விசித்திரமான சொற்றொடர்கள் நிறைந்து கிடப்பதைக் கண்டுபிடித்தார்கள். 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்பது 'கவுண்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்' ஆகியிருந்தது, அதாவது செயற்கை நுண்ணறிவு 'கள்ள உணர்வு' ஆகிவிட்டது. மார்பகப் புற்றுநோய் 'பூஸம் பெரில்' ஆனது, 'நெஞ்சு அபாயம்' என்பது மாதிரி. சித்திரவதைக்கு உள்ளான சொற்றொடர்கள் என்று அவர்கள் அதற்குப் பெயரே வைத்தார்கள். உங்கள் ஏட்டில் 'செல்ஃப் ஹெல்ப் குரூப்' என்று வரும் இடமெல்லாம் இப்படி ஏதாவது ஆகிவிட்டால், வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அந்தச் சொல்லைக் காட்டி இது என்ன என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

சாட்ஜிபிடி விஷயத்தில் உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொல்கிறேன். உறுதியானது: அது இல்லாத நூல்களையும் கட்டுரைகளையும் இருப்பதுபோல் எழுதித் தரும். 2023-ல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் அது கொடுத்த, நடக்கவே நடக்காத வழக்குகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி 5,000 டாலர் அபராதம் கட்டும்படி ஆனது. அதனால் அது தரும் எந்தச் சான்றையும் மூலத்தைக் கையில் எடுத்துப் பார்க்காமல் ஏட்டில் சேர்க்காதீர்கள். உறுதியானது இன்னொன்று: அடுத்தவர் பத்தியை அதனிடம் கொடுத்து மாற்றி எழுத வாங்கினால், அது டைப்பிங் கடை செய்யும் அதே காரியம், அழகாகச் செய்யும், அவ்வளவுதான். கருத்தின் மூலமும் வாக்கியத்தின் அமைப்பும் அப்போதும் உங்களுடையவை இல்லை. சந்தேகத்துக்குரியது எது என்றால், இது இயந்திரம் எழுதியதா மனிதர் எழுதியதா என்று சொல்லும் கருவிகள். ஓபன்ஏஐ நிறுவனம் தானே வெளியிட்ட அப்படிப்பட்ட கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்ச்சித் தேர்வுக்காகத் தாங்களே எழுதிய 91 கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியவை என்று தவறாகக் குறிக்கப்பட்டன. எளிய சொற்களில் நேராக எழுதுபவர்கள்தான் மாட்டுகிறார்கள், நம் பிள்ளைகள் எழுதும் ஆங்கிலம் அதுதான். அதனால் உங்கள் வரைவுகளை அழிக்காதீர்கள். தேதி போட்ட பழைய கோப்புகள், கையெழுத்துக் குறிப்புகள், நேர்காணல் தாள்கள் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும், யாராவது கேட்டால் உங்களுக்குச் சாட்சி அவைதான். இலக்கணப் பிழை திருத்த மட்டும் அதைப் பயன்படுத்தலாமா என்றால், இடத்துக்கு இடம் விதி வேறுபடுகிறது. நெறியாளரிடம் கேட்டு, அனுமதி இருந்தால் முன்னுரையில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

எண்ணைவிட நான் முக்கியமாக நினைப்பது வேறு ஒன்று. இத்தனை ஏடுகளைப் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது, இந்தத் தவறு ஏடு எழுதும் மேசையில் நடப்பதில்லை, இரண்டு வருஷத்துக்கு முன்னால் குறிப்பு எடுத்த நோட்டில் நடந்துவிடுகிறது. புத்தகத்தைப் பார்த்து நல்ல வரிகளை எழுதிவைக்கிறோம், மேற்கோள் குறி போடுவதில்லை, பக்க எண் போடுவதில்லை. இரண்டு வருஷம் கழித்து அந்த நோட்டைத் திறந்தால் எது அவர் சொன்னது, எது நான் நினைத்தது என்று நமக்கே தெரியாது. நம் கையெழுத்தில் இருப்பதால் நம்முடையது மாதிரியே இருக்கும். ஒரு முறை ஒரு மாணவர் "இது நான் எழுதியதுதான் சார்" என்று சத்தியம் செய்தார், அவர் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படி நம்பினார். மூலப் புத்தகம் எங்கள் நூலகத்திலேயே இருந்தது, எடுத்துவந்து பக்கத்தைக் காட்டியதும் அவர் முகம் மாறியதை இன்னும் மறக்க முடியவில்லை. அதனால் இனிமேல் எடுக்கும் குறிப்பில் அவர் சொல்லை அப்படியே எடுத்தால் பெரிய மேற்கோள் குறியும் பக்க எண்ணும், அவர் கருத்தின் சாரம் என்றால் ஓரத்தில் 'சாரம்', உங்களுக்குத் தோன்றியது என்றால் வேறு நிற மையில் 'நான்' என்று எழுதிவையுங்கள். ஜோட்டெரோ போன்ற மென்பொருள் பட்டியல் போட உதவும், ஆனால் இந்தப் பிரிவினையை அது உங்களுக்காகச் செய்யாது. சொன்னவர் யார் என்று காட்டிவிட்டுச் சொல்வது நமக்குப் புதிதும் இல்லை, தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவிலேயே 'என்ப' வந்துவிடுகிறது, 'என்மனார் புலவர்' என்று நூல் நெடுக வந்துகொண்டே இருக்கும்.

இன்னொரு பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஒருவர் ஏட்டில் இருக்கும் மேற்கோளை, மூல நூலைப் பார்க்காமலே, பார்த்த மாதிரி அடிக்குறிப்போடு எடுத்து வைப்பது. ஒரு நூலின் ஆண்டு தவறாக அச்சான ஒரு பட்டியலிலிருந்து அதே தவறு ஆறு ஏடுகளுக்குப் பயணம் செய்ததை நான் பார்த்திருக்கிறேன், ஆறு பேரும் அந்த நூலைத் தொட்டதில்லை என்பது அந்த ஒரு எண்ணிலேயே தெரிந்துவிட்டது. மூலம் கிடைக்கவில்லை என்றால், இன்னார் நூலில் எடுத்தாளப்பட்டது என்று உள்ளதைச் சொல்லுங்கள். இப்படி எடுத்தது எத்தனை ஆண்டு கழித்தும் வெளியே வரலாம். ஜெர்மனியின் கல்வி அமைச்சராக இருந்த அன்னெட்டே ஷவானின் முனைவர் பட்டத்தை 2013 பிப்ரவரியில் டியூசல்டோர்ஃப் பல்கலைக்கழகம் ரத்து செய்தது, ஏடு கொடுத்தது 1980-ல். வேறு நூல்களின் பகுதிகளைக் குறிப்பிடாமல் எடுத்திருக்கிறார் என்பது பல்கலைக்கழகத்தின் முடிவு, வேண்டுமென்றே செய்யவில்லை என்பது அவர் தரப்பு. சில நாட்களில் பதவி விலகினார். நம் ஏடுகளும் இப்போது சோத்கங்கா என்ற ஆய்வேட்டு இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கும்படி இருக்கின்றன. தமிழில் எழுதும் நண்பர்களுக்கும் இதைச் சொல்லுங்கள், தமிழ் ஏடுகளை மென்பொருள் ஆங்கிலம் அளவுக்குப் பிடிப்பதில்லை, பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவற்றைப் படிக்கவே திணறும், ஆங்கில நூலைத் தமிழில் பெயர்த்துப் போட்டால் அநேகமாகத் தப்பிவிடும். ஆனால் அந்த ஆங்கில நூலைப் படித்த ஒரு வாசகர் போதும்.

உங்கள் கைவசம் இருக்கும் வேலைக்கு நான் சொல்லும் வழி இதுதான். சரியான அமைப்பில் புது அறிக்கை எடுங்கள். மிஞ்சிய வண்ணங்களில் மேற்கோள் குறி விட்டுப்போனவற்றுக்குக் குறி போடுங்கள், அது ஒரு நாள் வேலை. ஒட்டுப்போட்ட பத்திகளைத் தனியாக அச்செடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூலத்தை ஒருமுறை படித்துவிட்டு மூடிவையுங்கள். அப்புறம் பக்கத்தில் இருக்கும் தோழியிடமோ, யாரும் இல்லையென்றால் போனில் பதிவு செய்தோ, அவர் என்ன சொல்கிறார், அது நீங்கள் நேர்காணல் செய்த பெண்களுக்குப் பொருந்துகிறதா இல்லையா என்று தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். தமிழில் சொல்ல வரவில்லை என்றால் அந்தப் பத்தி உங்களுக்கு இன்னும் புரியவில்லை, திரும்பப் படிக்க வேண்டும். சொல்ல வந்துவிட்டால் அதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுதுங்கள், எழுதி முடித்த பிறகுதான் மூலத்தைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆங்கிலம் சாதாரணமாக இருக்கும், இருக்கட்டும், அதைத் திருத்திக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் நடக்கும். நீங்கள் சொன்ன 22 பக்கத்துக்குப் பதினொரு நாள் ஆகும், நெறியாளரிடம் இரண்டு வாரம் கேளுங்கள். அவரும் இந்த ஏட்டில் திருட்டு இல்லை என்று தன் பெயரில் சான்று கொடுக்க வேண்டியவர், காரணத்தைச் சொன்னால் மறுக்கமாட்டார். புது அறிக்கை வந்த பிறகும் எந்தப் பத்தியிலாவது சந்தேகம் இருந்தால் மூலத்தையும் உங்கள் வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இங்கே போடுங்கள், படித்துச் சொல்கிறேன்.